ஒரு முழம் குறைச்சல்

ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றில் ஐம்பத்திரண்டு வருஷம் ஒரு தடை இருந்தது. தேசூர் சடையப்ப வாத்தியாருடைய கூத்துப் பாட்டைத் தெருவுக்குள் யாரும் பாடக் கூடாது, வாசிக்கக் கூடாது, வாய்க்குள் முனகவும் கூடாது. தடையைக் காத்துவந்தவர் சம்பந்தம். இந்தப் பதவிக்கு உத்தரவும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. அவருடைய அப்பா ஏகாம்பரம் பார்த்துவந்த வேலை. அவர் போனதும் தறியோடு சேர்ந்து மகனுக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு சங்கடம். தடுக்க வேண்டிய பாட்டு எது என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும்? ஆகவே அந்தத் தெருவில் சடையப்ப வாத்தியாரின் பாட்டுகளை அடி பிசகாமல் அறிந்த ஒரே ஆள், அவற்றைத் தடுப்பவராகவே இருந்தார். பங்குனி சித்திரையில் சுற்றுவட்டாரத்தில் எங்கே பாரதக் கூத்து நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கடைசி வரிசைக்கும் பின்னால் போய் நிற்பார். யாராவது விசாரித்தால், “கண்காணிப்பு” என்பார். கண்காணிக்கிறவருடைய கால் பெருவிரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

சடையப்ப வாத்தியாரைப் பிடிக்காதவர்கள் வடாற்காட்டில் ஏராளம். பிடித்தவர்களுக்கும் அவரைப் பிடிக்காது, பாட்டைத்தான் பிடிக்கும். கூத்தில் ராஜா கோபப்படுவதும் பாட்டு, ராணி அழுவதும் பாட்டு, சேவகன் செய்தி கொண்டுவருவதும் பாட்டு. பதினெட்டு நாள் பாரதத்துக்கும் அவர் புதிதாக மெட்டுப் போட்டார். போட்டவர், தேனான மெட்டுகளையெல்லாம் துரியோதனனுக்குக் கொடுத்துவிட்டார். தருமருக்குக் கொடுத்த மெட்டில் குழந்தைகள் தூங்கிப்போயின. கேட்டால், “நல்லவனுக்கு எதுக்குய்யா பாட்டு, அவன்தான் நிம்மதியா கீறானே” என்பாராம். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் விழும்போது ஜனங்கள் விம்மி அழுதார்கள். தப்பான ஆளுக்காக அழவைக்கிறான் என்று தர்மகர்த்தாக்கள் சண்டைக்கு வந்தார்கள். வாத்தியாரும் சண்டை என்றால் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு வருகிறவர். ஆர்மோனியத்தை மூடிக்கொண்டு பாதிக் கூத்தில் இறங்கிப்போன ஊர்கள் ஏழெட்டாவது இருக்கும்.

எழுபத்து நாலில் செத்துப்போனார். மெட்டுகள் சாகவில்லை. கல்யாண நாதஸ்வரத்தில் வந்தன, தொட்டிலில் வந்தன, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வந்தன. தொண்ணூற்றாறு தேர்தலில் ஒரே மெட்டில் இரண்டு கட்சிக்காரர்களும் பாட்டுக் கட்டி, இரண்டு ஆட்டோக்களும் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே நின்று பாடின. யார் மெட்டு என்று கேட்டால் எல்லாரும் சொல்கிற பதில், “பழைய பாட்டுப்பா.”

நெசவாளர் தெருவில் மட்டும்தான் யார் மெட்டு என்று தெரிந்து, அதற்குக் கோபமும்பட்டார்கள். காரணம் 1952 பங்குனி. அந்தத் தெருவின் திரௌபதி அம்மன் கோயிலில் அன்றைக்குத் துகில் உரிதல். துச்சாதனன் இழுக்க இழுக்கப் புடவை வந்துகொண்டே இருக்கிறது. கோமாளியாகிய கட்டியங்காரன் நடுவில் புகுந்து, வாத்தியார் புதிதாக எழுதிக்கொடுத்திருந்த ஒரு வரியைச் சொன்னான்: “நல்ல வேளை, இது கண்ணன் குடுத்த பொடவை! ஆரணிப் பொடவையா இருந்திருந்தா இந்நேரம் ஒரு முழம் கொறைஞ்சி மானம் போயிருக்கும்!”

வெளியூர்க்காரர்கள் உருண்டு சிரித்தார்கள். தெருக்காரர்கள் சிரிக்கவில்லை. நெசவாளியிடம் நிறம் சரியில்லை என்று சொல்லலாம், சரிகை மட்டம் என்றுகூடச் சொல்லலாம். அளவு குறைவு என்று சொல்வது வேறு விஷயம். முன்வரிசையிலிருந்து ஏகாம்பரம் எழுந்து நின்று, “நிறுத்துடா!” என்று கத்தினார். கூத்து நின்றது. அன்றோடு தடை. முந்தின வருஷம்வரை வாத்தியாருக்கு அந்தத் தெருவில் இல்லாத மரியாதை கிடையாது. ஏகாம்பரத்துக்கு அவர் உயிர்த் தோழர் வேறு. அதனால்தான் அவ்வளவு ரோஷம் என்று பேசிக்கொண்டார்கள்.

சம்பந்தம் அந்த ரோஷத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தொண்ணூற்று மூன்றில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பின் நடுவே நாதஸ்வரக்காரரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை பாதி வழியில் கால் மணி நேரம் நின்றார். பெண் வீட்டார் பேஜாராகிப்போனாலும், “சம்பந்தம் காதுக்குத் தப்பாதுப்பா” என்று பெருமைப்பட்டதும் அவர்கள்தான்.

அந்தக் காதுக்கும் ஒரு விலக்கு உண்டு. எந்த ஊரிலும் துகில் அன்றைக்கு மட்டும் அவர் போகமாட்டார். “எத வேணா கேளு. துகில் மட்டும் கேக்காத. எம்மேல ஆணை” என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். அவமானம் நடந்த நாடகம், அதனால்தான் என்று மகன் எடுத்துக்கொண்டார்.

அப்பாவைப் பற்றி அவருக்கு ரோஷத்தைவிடப் பெரிய பெருமை ஒன்றிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் தெருவே கூடிப் பாடும் பாட்டு ஏகாம்பரம் கட்டியது.

பட்டாடை நெய்துவைத்தோம் பாஞ்சாலித் தாயே

என்று ஆரம்பித்து, பல்லவியும் இரண்டு சரணமுமாக ஓடும். கேட்டவர்கள் அடுத்த நாளும் முனகுகிற மெட்டு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மெட்டுகூடப் போடாத மனிதருக்கு இது எப்படி வந்தது என்று கேட்டால், “அம்மன் ஒரே ஒரு தரம் குடுத்தா” என்று தெரு பதில் வைத்திருந்தது. தறிக்கும் அது கனகச்சிதம். அந்தக் காலத்தில் புடவையில் ஒரு பூ வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே குறுக்கே போகும் ஊடை இழையை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஊடையைக் கொண்டுபோகும் நாடா ஓடும் வேகத்தில் ஒரு முழுப் பாட்டு, பாட்டு முடிந்தால் பூ. ஏகாம்பரம் தறியில் முதலில் நாற்பத்தெட்டு வரிசைப் பூ வந்தால் பன்னிரண்டு முழம், புடவை முடிந்தது; பின்னாளில் அறுபத்து நாலு வரிசை என்று கணக்கு மாறியது. சம்பந்தம் டேப் வைத்திருந்தார். ஆனாலும் பாட்டைத்தான் நம்பினார்.

அவருடைய அம்மா அபிதகுசாம்பாள் உயிரோடிருந்த வரைக்கும் இதைப் பற்றி ஒரு கதை சொல்வார். “தறிப் பக்கத்துலயே தொட்டில் கட்டிருக்கும். உனக்குப் பல்லு மொளைக்கற சமயம். ஒங்கப்பா பாடிகினே நெய்வாரு. மெட்டு மேல ஏர்ற எடம் வந்தா நீ வீல்னு கத்துவ. தெருவே திரும்பிப் பாக்கும். அப்பறம் அவரு அந்த எடத்தையே வுட்டுட்டாரு.” சம்பந்தம் இதைச் சங்கீத ஞானத்தின் முதல் அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

2004இல் கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். தர்மகர்த்தா துரைக்கண்ணு இரண்டு தீர்மானம் போட்டார். ஒன்று, அரை நூற்றாண்டாக நடக்காத பதினெட்டு நாள் பாரதத்தை மறுபடி நடத்துவது. இன்னொன்று, ஏகாம்பரத்தின் பாட்டை மார்பிளில் வெட்டி முன் மண்டபத்தில் பதிப்பது. கல்லின் கீழே ‘பாட்டும் மெட்டும்: நெசவாளர் ஏகாம்பரம்’ என்று வரும். சம்பந்தம் கல் வெட்டுகிறவரிடம் மூன்று முறை போய் எழுத்தின் உயரத்தைச் சரிபார்த்துவிட்டு வந்தார். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த மனிதருக்கு மிஞ்சுவதெல்லாம் மற்றவர்கள் கட்டிக் கிழித்துவிட்ட புடவைகள்தான். கல்லில் பேர் வருவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பாரதத்துக்குக் கூத்துக்காரர் மணவாளனை வரவழைத்தார்கள். கூத்துக் குழுவான ஜமாவின் தலைவர் அவர், கட்டியங்கார வேஷமும் அவரே. வாத்தியார் மெட்டு ஒன்றுகூட வராது என்று கோயில் மண்டபத்தில் சத்தியம் செய்தார். சம்பந்தம் சத்தியத்தோடு விடவில்லை. “எங்க, பாடு பாப்போம்” என்றார்.

மணவாளன் ஒரு பாட்டை எடுத்தார்.

“இது அவுரு.”

இன்னொன்று.

“இதுவும் அவுருதான்.”

ஒன்பதாவது பாட்டிலும் சம்பந்தத்தின் கை உயர்ந்தபோது மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னாங்க இது, அப்போ நாங்க பதினெட்டு நாளும் வந்து சும்மா பேசிட்டுதாங்க போவணும்.”

அந்த நேரம் பார்த்து மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒரு செல்போன் அடித்தது. சம்பந்தத்தின் மகன் சதீஷ், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, பொங்கலுக்கு வந்தவன். தாத்தாவின் பாட்டை ஸ்வரம் ஸ்வரமாகத் தட்டி ரிங்டோனாக வைத்திருந்தான். அப்பாவுக்கு அதில் பெருமை. போன் வந்தாலும் கொஞ்ச நேரம் எடுக்காதே என்பார்.

மணவாளன் முகம் மலர்ந்தது. “அடேடே, இது எங்க துகில் பாட்டாச்சே! தம்பி, எங்க புடிச்ச இத?”

சதீஷ் போனை அணைத்தான்.

“எங்கப்பா பாட்டு இது” என்றார் சம்பந்தம்.

“இல்லீங்களே...” மணவாளனுக்கு நிலைமை புரியவில்லை, அதனால் பாடியும் காட்டினார்.

எட்டாத தூரம் நின்றாய் என்னையா கண்ணா

துரைக்கண்ணு மெல்லச் சொன்னார்: “சம்பந்தம், அச்சு அசலா அதே மெட்டா கீதே.”

“திருடிகிறான்!” என்று எழுந்தார் சம்பந்தம்.

“யாருங்க?”

“உங்க வாத்தியாருதான், வேற யாரு? எங்கப்பா மெட்ட எடுத்துத் துகிலுக்குப் போட்டுகிறான். அதான் எங்கப்பா என்னைத் துகில் கேக்காதன்னாரு. இப்பதான் வெளங்குது.”

“சரிப்பா, திருடினானோ இல்லியோ” என்றார் துரைக்கண்ணு. “அது வாத்தியார் மெட்டுன்னு ஆச்சின்னா மார்பிளு கெடையாது. வெள்ளிக்கெழம பாட்டும் கெடையாது. நீ காப்பாத்தற சட்டம்தான் இது.”

மணவாளன் சமாதானமாக ஒரு வழி சொன்னார். “வாத்தியார் பொண்ணு விருத்தாம்பாளம்மா தேசூர்ல கீறாங்க. நோட்டெல்லாம் அவங்ககிட்டதான். எந்தப் பாட்டுக்கும் தேதி போட்டுதான் எழுதுவாரு. போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன்.”

மறுநாள் காலையிலேயே சம்பந்தம் வந்தவாசி பஸ் பிடித்து, அங்கிருந்து தேசூருக்கு மாறினார். மடியில் சாட்சி இருந்தது. அப்பா கைப்பட எழுதிய வெள்ளிக்கிழமைப் பாட்டு நோட்டு, முதல் பக்கத்தில் 1952 ஆடி என்று போட்டது. அதைச் சுற்றியிருந்தது ஒரு முழம் பட்டுத் துணி. அரக்கு நிறம், பச்சைக் கரை, பூ இல்லாதது. அப்பா காலத்திலிருந்தே நோட்டு அதில்தான் சுற்றிக் கிடந்தது.

விருத்தாம்பாளுக்கு எழுபதை ஒட்டிய வயது. முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர், வந்தவரை நிமிர்ந்து பார்த்தார்.

“யாருப்பா? எந்த ஊரு?”

“ஆரணிங்க.”

“நெசவாளர் தெருவா?”

“ஆமாங்க. ஏகாம்பரம் மகன்.”

மல்லாட்டை உரித்த கை நின்றது. “இம்மாம் நாளாச்சா உங்க வூட்லருந்து ஒருத்தர் வர? உக்காரு. இன்னா விசயம்?”

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்ததைச் சம்பந்தம் சொல்லிவிட்டார். “உங்கப்பா எங்கப்பாவோட மெட்டத் திருடிட்டாருங்க.”

விருத்தாம்பாள் சிரித்த சிரிப்பில் முறம் ஆடியது. “எங்கப்பாவா? அவுரு அடுத்தவன் மெட்டு காதுல வுழுந்தாலே காதக் கழுவுவாரேப்பா! வேற எந்தப் பழி வேணா போடு, நான் ஒத்துக்கறேன். இது மட்டும் ஆவாது.”

உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தார். துகில் உரிதல் என்று தலைப்பு. அதற்குப் பக்கத்தில் 1946 மாசி. பல்லவி, மூன்று சரணம். சம்பந்தம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நடுவே ஆறு வருஷம்; எது முந்தினது என்பதில் சந்தேகத்துக்கு வழியேதுமில்லை.

“அப்போ... எங்கப்பாதான் திருடனதா?”

“யாரும் யாருகிட்டயும் திருடல. எங்கப்பா உங்க வூட்டுத் தறிகிட்ட உக்காந்து சொல்லிக் குடுத்த பாட்டு. உங்க தெருக் கூத்துல அது ஏறறதுக்குள்ள சண்டை வந்துடுச்சி, அதனால தெருவுக்கு அது உங்கப்பா தறிப் பாட்டுதான். அவ்ளோ தோஸ்துங்க ரெண்டு பேரும். சண்டைக்கு அப்பறம் உங்கப்பா வார்த்தைய மாத்திகினாரு. மெட்ட மாத்த மனசு வரல. எங்கப்பாவுக்கும் தெரியும். ‘பாடட்டும், அவன் வாயில நல்லாதான் கீது’ன்னாரு.”

“தெரிஞ்சிம் சும்மா இருந்தாரா? அவ்ளோ தோஸ்துன்னா அப்பறம் எதுக்குங்க அந்தக் கேலி?”

விருத்தாம்பாள் மறுபடி உள்ளே போனார். இந்த முறை பெட்டியிலிருந்து ஒரு புடவை வந்தது. “இதுக்குதான். என் கண்ணாலப் பொடவை. அம்பத்திரண்டு தை மாசம். உங்கப்பா கையால நெஞ்சது. முகூர்த்தத்துக்கு நேரமாச்சின்னு ஜல்தி ஜல்தியா தறியிலருந்து அறுத்து அப்டியே குடுத்தனுப்பனாங்க.”

அரக்கு நிறம். பச்சைக் கரை.

சம்பந்தம் முழங்கையை நீட்டி அளந்தார். பதினொன்று. அந்த வீட்டு வெளிச்சம் சரியில்லை என்று வாசலுக்கு வந்து அளந்தார். அங்கேயும் பதினொன்றுதான்.

“என் மாமியாளும் இப்பிடித்தான் ரெண்டு வாட்டி அளந்தா” என்றார் விருத்தாம்பாள். “‘பாட்டுக் கட்றவன் பொண்ணு, பொடவையும் அரகொறதான்’னு பந்தியில சொன்னா. அப்பாவுக்குச் சுருக்குனு ஆயிடுச்சி. தோஸ்துகிட்ட நேரா போய் இன்னாடா இதுன்னு கேட்டிருக்கலாம். அவுரு கேக்கற ஆளா? கூத்துல ஏத்திட்டாரு. ஜனம் சிரிச்சிது. ஜனம் சிரிச்ச எடத்த எந்த வாத்தியார்ப்பா எடுப்பான்?”

சம்பந்தம் அதைப் பாதிதான் கேட்டார். அவர் புடவையைப் படித்துக்கொண்டிருந்தார். பூ வரிசைகளை எண்ணினால் நாற்பத்தெட்டு, ஒன்றுகூடக் குறையவில்லை. முதல் முப்பத்திரண்டு வரிசைவரை இடைவெளி ஒரே சீர். முப்பத்து மூன்றிலிருந்து பூக்கள் நெருங்கி நின்றன. கால் பங்கு இடைவெளியைக் காணோம். அதாவது, கால் பங்கு பாட்டைக் காணோம். பல்லவியும் மூன்று சரணமும் உள்ள பாட்டில் கால் பங்கு என்றால் ஒரு சரணம்.

வாத்தியாரின் நோட்டில் மூன்றாம் சரணத்தைப் பார்த்து மெல்லப் பாடிப் பார்த்தார். அவர் இதுவரை கேட்காத சரணம். திரௌபதி இரண்டு கையையும் தூக்கிக் கதறுகிற இடம். மெட்டு மேலே, மேலே, மேலே ஏறியது. தொண்டை எட்டாமல் கீச்சென்று நின்றது.

“தண்ணி வேணுமாப்பா?”

“அம்மா, நான் அதுக்கு முந்தின வருசம் ஆனியில பொறந்தேங்க.”

“எந்த வருசம்?”

“அம்பத்தொண்ணு. மார்கழி, தையில எனக்குப் பல்லு மொளைக்கற சமயம்.” அவர் அம்மா சொன்ன கதையைச் சொன்னார். சொல்லி முடிக்கிறபோது அவர் குரலில் சங்கீத ஞானம் என்ற பேச்சே இல்லை. “பாட்டுல ஒரு சரணம் போச்சி. பொடவைல ஒரு முழம் போச்சி. பூவ எண்ணனாரு, சரியா இருந்துச்சி. அறுத்தப்பறம்தான் தறியில பாவு நூலு ஒரு முழத்துக்கு மிச்சம் நின்னுருக்கும். அதப் பூ போடாம நெஞ்சி...” நோட்டைச் சுற்றியிருந்த துணியை எடுத்துப் புடவையின் முனையில் வைத்தார். கரைக்குக் கரை சரியாக உட்கார்ந்தது.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. கேலி பொய்யாக இருந்திருந்தால் ஏகாம்பரமும் மற்றவர்களோடு முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து நின்று கத்தினாரே, அது கேலி உண்மை என்பதால்தான். குறைத்துப் பாடிய பாட்டால் புடவை குறைந்தது, குறைந்த புடவையால் கேலி வந்தது, கேலியால் பாட்டுக்குத் தடை வந்தது. தடையைக் காத்தவரும் தொட்டிலில் முதலில் அலறியவரும் ஒரே ஆள்.

விருத்தாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த தண்ணீர். “என் மாமியா உசுரோட இல்லாம போயிட்டாளே! கொறைச்சவன் இவன்தான்டின்னு காட்டிருப்பேன்.”

“இந்தத் துணிய வெச்சிக்கங்கம்மா. உங்களுதுதான்.”

“ஒட்டுப்போட்ட பொடவைய நான் கட்டமாட்டேன், நீயே வெச்சிக்க. எனக்கு அது எப்பவும் கொறையல. நான் குள்ளம். நெறைய வாட்டி கட்டினேன், ஒரு இழ நழுவல. கொறச்சல் தெரிஞ்சதெல்லாம் கட்டாதவங்களுக்குத்தான்.”

வீட்டுக்கு வந்து மனைவி பூங்காவனத்திடம் பாட்டு விஷயத்தை மட்டும் சொன்னார். பூங்காவனம் முள்ளிப்பட்டுக்காரர். ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர் தலை தூக்கவில்லை.

“அது வாத்தியார் பாட்டுதானே. எங்க ஊர்ல சின்னப் புள்ளைங்களுக்கே தெரியும்.”

“உனக்குத் தெரியுமா? எப்பலருந்து?”

“கண்ணாலமாயி வந்த மொத வெள்ளிக்கெழமையிலருந்து.”

“ஏன்டி சொல்லல?”

“நீங்க இன்னா கேட்டீங்களா? தெருவே கண்ண மூடிகினு பாடுது. புது மருமவ நான் வந்து பேஜார் பண்ணணுமா?”

உண்மையை மறைக்க சம்பந்தத்துக்கு எல்லா வசதியும் இருந்தது. நோட்டு தேசூரில் இருக்கிறது, தெருவிலிருந்து யாரும் அங்கே போகப்போவதில்லை. அவர் வந்து ‘எங்கப்பா மெட்டுதான்’ என்று சொன்னால், அந்தக் காதை மறுக்க ஆளில்லை. மூன்று நாள் தறியில் உட்கார்ந்தார். பாட்டு வாயில் வரும், இரண்டாம் சரணத்தில் முடியும், முடிந்ததும் மூன்றாவது எங்கே என்று கை நிற்கும். நாடா ஓடவில்லை. கல் வெட்டுகிறவர் வேறு, எழுத்தை ஆரம்பிக்கட்டுமா என்று ஆளனுப்பிவிட்டார். நாலாம் நாள் காலை கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

மண்டபத்தில் எல்லாவற்றையும் சொன்னார். நோட்டு, தேதி, புடவை, பூ வரிசை, தொட்டில். கடைசியில் துணியை எடுத்து விரித்தார். “கேலி பொய்யில்ல. ஒரு முழம் கொறைஞ்சிது. இதான் அது.”

துரைக்கண்ணு நிதானமாகக் கேட்டார்: “அப்போ அம்பத்திரண்டு வருசமா நாங்கல்லாம் வாய மூடிகினு இருந்தது, நீ தொட்டில்ல வாயத் தொறந்ததாலயா?”

முதலில் சிரித்தவர் யார் என்பதில் இன்றைக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. சதீஷ் என்கிறார்கள். சிரிப்பு நிற்க வெகு நேரமாயிற்று. சிரித்து முடித்தபோது தடை இல்லை. யாரும் தீர்மானம் போட்டு எடுக்கவில்லை. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு முகமும் நேராக இல்லை, அவ்வளவுதான்.

கல்லைப் பற்றித்தான் சண்டை வந்தது. மெட்டுக்காரர் பேர் மேலேயா, சொல்லுக்காரர் பேர் மேலேயா என்று இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் ஒரே வரியில் வெட்டினார்கள்: ‘சொல் ஏகாம்பரம், மெட்டு சடையப்பன்.’ எழுத்தின் உயரத்தைப் பார்க்க சம்பந்தம் நாலாவது முறையும் போனார். இரண்டு பேரும் ஒரே உயரம். அவருக்குத் திருப்தி. அப்பா தனியாக நிற்பதைவிட இது நன்றாயிருக்கிறது என்றுகூடத் தோன்றியது.

பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்பதால் கூத்தைச் சாயங்காலமே தொடங்கினார்கள். துகில் அன்றைக்கு மூன்று மணிக்கே பாய் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். வேஷம் கட்டிக்கொண்டிருந்த மணவாளன் சம்பந்தத்தைக் கூப்பிட்டுக் காதோடு கேட்டார்: “அந்த வரிய வுட்டுடலாங்களா? எதுக்குங்க வம்பு.”

“தொட்டுப்பாரு!” என்றார் சம்பந்தம். “வாத்தியார் எழுதனது எழுதனபடி வரணும். ஒரு எழுத்துக் கொறஞ்சா கூத்த நிறுத்திடுவேன்.” பழக்கம் போகுமா? காவல் காக்கிறவர் பக்கம்தான் மாறியிருந்தார்.

முன்வரிசையில் விருத்தாம்பாள். அரக்குப் புடவை, பச்சைக் கரை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, குசலம் விசாரிக்கிற சாக்கில் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். “கெட்டியாதான் கீது” என்று சம்பந்தத்துக்குக் கேட்கும்படி பூங்காவனமும் ஒரு வார்த்தை சொன்னார்.

துச்சாதனன் இழுத்தான். புடவை வந்தது. ஜால்ராவும் முகவீணைக் குழலும் ஏறின. மணவாளன் கோமாளித் தொப்பியோடு நடுவில் குதித்து நின்றார்.

“நல்ல வேளை, இது கண்ணன் குடுத்த பொடவை! ஆரணிப் பொடவையா இருந்திருந்தா இந்நேரம் ஒரு முழம் கொறைஞ்சி மானம் போயிருக்கும்!”

முன்வரிசையிலிருந்து சம்பந்தம் எழுந்தார். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா எழுந்த அதே பக்கம். இடுப்பிலிருந்து துணியை உருவி இரண்டு கையாலும் உயரப் பிடித்தார்.

“இந்தா, மிச்சம்!”

மணவாளனுக்கு இது சொல்லிவைத்ததல்ல. ஒரு கணம் விழித்தார். ஆனால் முப்பது வருஷக் கோமாளி. இறங்கி வந்து துணியை வாங்கி, முழங்கையில் வைத்து அளந்து, சபையைப் பார்த்துக் கும்பிட்டார். “சரியா ஒரு முழம், மகாஜனங்களே! கண்ணன் ஒடனே குடுப்பான், ஆரணிக்காரன் அம்பத்திரண்டு வருசம் கழிச்சிக் குடுப்பான். ஆனா குடுத்துருவான்!”

சிரிப்பில் பந்தல் ஆடியது. அது அடங்குமுன்பே திரௌபதி மூன்றாம் சரணத்தை எடுத்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வருஷமாகத் தெரு அதைக் கேட்டதேயில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பாடிய மெட்டு, தெரிந்த வீட்டுக்குள் தெரியாத அறை திறந்ததுபோல, மேலே ஏறிக்கொண்டே போயிற்று. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் எங்கோ ஒரு கைக்குழந்தை வீலென்று கத்தியது. தாய்க்காரி எழுந்து போகப் பார்த்தாள்.

“உக்காரும்மா, கத்தட்டும்” என்றார் சம்பந்தம். “அந்த எடம் அப்பிடித்தான்.”

மணவாளன் ஜமா அதன் பிறகு எந்த ஊரில் துகில் போட்டாலும், அந்த வரி வந்ததும் கூட்டத்திலிருந்து ஓர் ஆள் துணியோடு எழுந்து ‘இந்தா, மிச்சம்!’ என்கிறான். ஜனம் சிரிக்கிறது. ஜனம் சிரித்த இடத்தை யார் எடுப்பார்கள்? யார் எழுதியது என்று கேட்டால், சடையப்ப வாத்தியார் எழுதியது என்கிறார்கள். சம்பந்தம் மறுப்பதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், இப்போது துகில் அன்றைக்கும், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வருகிறார்.

“எப்பிடிங்க இருந்திச்சி?” என்பார் பூங்காவனம்.

“பாட்டு பரவால்ல. அந்த ஆளுக்குத் துணி புடிக்கத் தெரியல. கரைய உள்பக்கமா மடிச்சிப் புடிக்கிறான். பாக்கறவனுக்கு முக்கால் முழமாதான் தெரியுது.”